கரடியைக் கம்பளி எடுக்கச் சொன்னவன்

பனியைப் பற்றி நான் இதுவரை எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மலை தூங்கும்போது விடுகிற மூச்சு என்று ஒரு பத்திரிகையில் எழுதினேன். ஆகாயம் பூமிக்கு அனுப்பிய வெள்ளைக் கடிதம் என்று இன்னொன்றில். படித்து உருகியவர்கள் (மூன்று பேர், அதில் ஒருவர் என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தவர்) மன்னிக்க வேண்டும். எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் அடிக்கிற சமாச்சாரத்துக்குப் பெயர் பனி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இது எனக்கு இருபத்தோரு வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் அழகழகாக எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து என்பது தெரிந்ததை மறைக்க ஒரு நல்ல வழி.

யுத்த காலம். செஞ்சிக் கடைத்தெருவில் ராஜு முதலாளியின் போட்டோ ஸ்டூடியோவில் நான் உதவியாளாக இருந்தேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஒரு பெஞ்சி, அதற்குப் பின்னால் கண்ணாடிக் கூரை போட்ட ஓர் அறை, அதற்கும் பின்னால் இருட்டறை. கண்ணாடி அறையில் ஒரு திரை தொங்கும். திரையில் ஒரு குளம், குளத்தில் ஓர் அன்னம், கரையில் இரண்டு தூண், தூணுக்குப் பின்னால் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மலை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை நிஜமாகவே நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்கள் இந்தப் பொய் மலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு இது தாங்கவில்லை. அப்போதே எனக்குள் கவிஞன் முளைத்துவிட்டான். அவனைக் கிள்ளிப் போட ஆள் இல்லை.

ஜனங்கள் வந்தார்கள் என்பதும் கொஞ்சம் மிகைதான். உயிரோடு இருக்கிறவர்கள் போட்டோ பிடித்துக்கொண்டால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயம். செத்த பிறகு குறைய ஒன்றுமில்லை அல்லவா, அப்போது கூப்பிட்டு அனுப்புவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு வைத்திருப்பார்கள். அந்த வேலைக்கு முதலாளி என்னைத்தான் அனுப்புவார். இரண்டு வருஷத்தில் நான் படம் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அசையாதவர்கள், கண் கொட்டாதவர்கள், "நல்லா விழுந்துச்சா" என்று கேட்காதவர்கள். தொழிலில் எனக்கு இருந்த தன்னம்பிக்கை மொத்தமும் அவர்கள் கொடுத்தது.

என் அக்கா ஆரோக்கியம் என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் புருஷன் சூசை மச்சான் பட்டாளத்தில் சேர்ந்து போனபோது அவளுக்கு மூன்றாம் மாதம். குழந்தை பிறந்தது, பிலோமினா என்று ஞானஸ்நானம் ஆனது, தவழ்ந்தது, இரண்டு பல் முளைத்தது. மச்சான் பர்மா எல்லையில் ஏதோ ஒரு காட்டில் இருந்தார். எந்தக் காடு என்று எழுதக் கூடாது. எழுதினால் மேலே மை பூசி அனுப்புவார்கள். மை பூசாமல் வருகிற வரி எப்போதும் ஒன்றுதான்: பாப்பா யார் சாடை?

அக்காவுக்காகப் பதில் எழுதுகிறவன் நான். நான்கு பக்கம் எழுதுவேன். "நிலா ஒன்று நம் வீட்டுப் பாயில் புரண்டு விளையாடுகிறது" என்று ஆரம்பித்தால் தாள் முடிகிற வரைக்கும் நிறுத்த மாட்டேன். மச்சான் ஒரு தடவை பதில் போட்டார்: "தம்பி எழுதுவது நன்றாக இருக்கிறது. ஆனால் பாப்பாவின் மூக்கு எப்படி என்று புரியவில்லை."

அந்தக் கடிதத்தை அக்கா மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு பக்கம் எழுதினியே. மூக்கப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா?"

கிறிஸ்மஸ் முடிந்து பொங்கல் வருவதற்குள், மச்சானோடு ஒரே பிரிவில் இருந்த அந்தோணி அண்ணன் லீவு முடிந்து கிளம்புவதாகச் சொல்லி அனுப்பினார். பக்கத்து ஊர்க்காரர். தபாலை நம்ப முடியாத காலம் அது. மூன்று கடிதம் போட்டால் ஒன்று போய்ச் சேரும். அந்தோணி அண்ணன் எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் மூணு மணி பஸ்சு. எதுனா குடுக்கணும்னா குடும்மா. நானே அவன் கையில குடுத்துடறேன்."

அக்கா முறுக்கும் கொடுக்கவில்லை, அதிரசமும் கொடுக்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள்.

கண்ணாடித் தகடு அப்போது கிடைக்கவே கிடைக்காது. யுத்தம் தின்றுவிட்டது. முதலாளியிடம் இருந்தது ஒரே ஒரு தகடு. அதுவும் ஊர்ப் பெரியவர் ஒருவருக்காக எடுத்து வைத்தது. அவர் இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தார். முதலாளி குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்தது. அப்புறம் அவர் கண்ணாடிக் கூரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெரியவரு இன்னும் பத்து நாள் தாங்குவாருன்னுதான் தோணுது" என்றார். "எடுத்துக்கம்மா." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "டேய் அருளு, நான் காலையில திண்டிவனம் போறேன், பதினோரு மணிக்குத்தான் வருவேன். ஒம்பது மணிக்குக் கண்ணாடி ரூம்புல வெளிச்சம் வரும். திரைக்கு முன்னால உக்கார வச்சி எடு. வேற எந்தப் புத்திசாலித்தனமும் பண்ணாத."

சரிங்க முதலாளி என்றேன். அந்தச் 'சரிங்க'வைச் சொல்லும்போதே நான் மலையில் இருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. பர்மாக் காட்டில் சேற்றில் கிடக்கிற மனுஷனுக்கு அன்னமும் தூணும் எதற்கு? அவர் விறகு வெட்டின மலை, அவர் ஏறி இறங்கின பாதை, விடிகாலைப் பனி, அதற்கு நடுவே அவர் மனைவி, அவர் மகள். படத்தைக் கையில் எடுத்தால் ஊர் வாசனை வர வேண்டும். அக்கா கேட்டுக்கொண்டே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்பது கரைத்த புளியை மறுபடி மறுபடி கரைத்ததில் தெரிந்தது.

"அங்க கரடி வருதுன்னு சொல்றாங்களேடா. இலந்தப் பழம் தின்ன."

"பனிக் காலத்துல கரடி வராதுக்கா. தூங்கிடும். மூணு மாசம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

இது நான் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் ரீடரில் படித்தது. படத்தோடு போட்டிருந்தார்கள். எந்த ஊர்க் கரடி என்று அந்த ரீடரில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். பெட்டிக் காமிரா என் தோளில். முக்காலி, கறுப்புத் துணி, தகடு வைத்த மரச்சட்டம் எல்லாம் என் மேல்தான். அக்கா தலையோடு கறுப்புக் கம்பளி போர்த்தி, உள்ளே குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிலோமினாவின் ஒரு பாதம் மட்டும் வெளியே தொங்கியது. பாதை பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. கோட்டைச் சுவர் இருக்கிற இடத்தில் சுவர் இல்லை, பனி இருந்தது. மலை இருக்கிற இடத்தில் மலையும் இல்லை. (எனக்கு அப்போதே எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உவமைகள்தான் வந்தன.)

பாதையோரம் ஒரு சப்பைப் பாறை, அதை ஒட்டி இலந்தைப் புதர். அக்காவைப் பாறைக்கு முன்னால் நிறுத்தினேன். பதினைந்து தப்படி பின்னால் வந்து முக்காலியை ஊன்றினேன்.

"நான் சொல்லும்போது கம்பளிய எடுத்துடணும். அதுவரைக்கும் போத்திக்கோ, குளிரும்."

"சீக்கிரம் எடு. இவ முழிச்சிக்கப் போறா."

இந்த மாதிரிக் காமிராவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பின்புறம் மங்கலான ஒரு கண்ணாடி இருக்கும். கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். எதிரே இருப்பது அதில் தலைகீழாகத் தெரியும். பார்த்துச் சரிசெய்த பிறகு, கண்ணாடி இருந்த இடத்தில் தகட்டைச் சொருகி, லென்ஸின் மூடியைத் திறந்து, எண்ணி, மூட வேண்டும். இதோடு எனக்கு இன்னொரு சிக்கல். எனக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, மூக்குக் கண்ணாடி போட்டவன். துணிக்குள் தலையை விட்டதும் என் மூச்சே மூக்குக் கண்ணாடியில் படிந்து அங்கும் பனி மூடியது. கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். கிட்டே இருக்கிற கண்ணாடிப் பலகை எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியும். போதும் என்று நினைத்தேன்.

துணிக்குள் ரொம்ப நேரம் இருந்தேன். லென்ஸை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன். நிஜத்தைச் சொன்னால் பாதி நேரம் அந்தப் பனிக்கு ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பிலோமினா சிணுங்கியிருக்கிறாள். அக்கா, "இருடா, பால் குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த பாறையின் மறைவில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. துணி கனமான துணி. வாக்கியம் அதைவிடக் கனம்.

மறுபடி பார்த்தபோது கண்ணாடியில் பனி மட்டும் இருந்தது. அப்புறம் அந்தப் பனியில் இருந்து கறுப்பாக ஓர் உருவம் நகர்ந்து வந்து, பாறைக்குப் பக்கத்தில் நிமிர்ந்தது. தலைகீழாகத்தான். தலையோடு போர்த்தின கறுப்புக் கம்பளி. முதுகுப் பக்கம் குழந்தை, அதுவும் கம்பளிக்குள்.

"எங்கக்கா போன? நின்ன எடத்துல நிக்கக் கூடாதா?"

பதில் இல்லை. அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், அது எனக்குப் பழக்கம்தான்.

"கொழந்தய இன்னாத்துக்கு முதுகுல போட்ட? முன்னால வை. மச்சான் அது மூஞ்சியப் பாக்க வேணாமா?"

உருவம் மூக்கை உறிஞ்சியது. பலமாக, நீளமாக, தண்ணீர் இழுக்கிற மாதிரி.

"சளி புடிச்சிக்கிச்சா? அப்பவே சொன்னேன், தலைய நல்லா மூடுன்னு. சரி, இப்ப கம்பளிய எடு."

எடுக்கவில்லை.

"அக்கா, கம்பளிய எடு. மச்சானுக்குக் கம்பளியவா போட்டோ புடிச்சி அனுப்பறது?"

இன்னும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது, இந்தப் பனி இன்னும் ஐந்து நிமிஷம் நிற்குமோ நிற்காதோ. சரி, கம்பளியோடுதான் இருக்கட்டுமே, முகமாவது தெரியும், என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அதோடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிற்பு எனக்குப் பிடித்திருந்தது. தோள்கள் சரிந்து, கைகளைத் தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் தூக்கி, தூரத்தில் யாரோ வருவார்கள் என்று எதிர்பார்க்கிற மாதிரி. புருஷனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு நிற்கிற பெண் வேறு எப்படி நிற்பாள்? என் கண் கலங்கியது. (கரடியைப் பார்த்து அழுத முதல் தமிழன் நானாக இருக்கலாம்.)

"அப்டியே நில்லு. அசையாத."

துணியை விட்டு வெளியே வந்தேன். மூக்குக் கண்ணாடி பையிலேயே இருந்தது. எதிரே எனக்கு வெள்ளையும் அதில் ஒரு கறுப்பும்தான். தகட்டைச் சொருகினேன். மரச்சட்டத்தின் தகட்டு மூடியை இழுத்தேன். லென்ஸின் மூடியைக் கழற்றினேன்.

"ஒண்ணு."

"அருளு" என்றாள் அக்கா, மெதுவாக.

"பேசாதக்கா. ரெண்டு."

"அருளு. நான் இங்க இருக்கேன்."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

"மூணு" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. அப்புறம் கேட்டேன்: "அப்ப அங்க யாரு?"

அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல், எதிரே நின்ற அக்கா நான்கு காலில் இறங்கினாள்.

இந்த இடத்தில் என் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிணங்களோடு பழகின கைகள். சுற்றி யார் அலறினாலும், யார் மயங்கி விழுந்தாலும், முதலில் லென்ஸை மூடு, சட்டத்தின் மூடியைத் தள்ளு, தகட்டை வெளியே எடு என்று முதலாளி பழக்கி வைத்தவை. அந்தக் கைகள் அதைச் செய்தன. மூடின, தள்ளின, எடுத்தன. அதன் பிறகு என் கால்கள் தங்கள் வேலையைச் செய்தன. தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பக்கவாட்டில் ஒரு பாறை இடுக்கு இருந்தது. அதற்குள் புகுந்து, கண்ணை மூடி, முழங்கால்களுக்கு நடுவே தகட்டை வைத்துக்கொண்டேன்.

அக்காவையும் அவள் குழந்தையையும் பாதையில் விட்டுவிட்டு நான் காப்பாற்றியது அந்தத் தகட்டை.

மற்றது அக்கா சொன்னது. கரடி அவளைப் பார்த்து வரவில்லை. காமிராவைப் பார்த்துத்தான் வந்தது. மூன்று காலில் நின்று கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தன்னை முறைக்கிற அந்தப் பிராணியை அது என்னவென்று நினைத்ததோ, ஒரே அறை. காமிரா படிப் பாறைகளில் உருண்டு கீழே போனது. ஒவ்வொரு பாறையிலும் அது எழுப்பிய சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. புதரிலிருந்து இரண்டாவது குட்டி ஒன்று வந்தது. முதுகில் இருந்த குட்டி இறங்கவே இல்லை, முடியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்ததாம். தாய்க்கரடி அக்கா இருந்த பக்கம் தலையைத் திருப்பி மூக்கை உறிஞ்சியது. பத்துத் தப்படி கூட இருக்காது. அக்கா அப்படியே நின்றாள்.

"நீ ஏன்க்கா ஓடல?" என்று அப்புறம் கேட்டேன்.

"இப்பத்தான் தூங்கினா. ஓடினா முழிச்சிக்குவா."

கரடி போன பிறகு என்னை இடுக்கிலிருந்து வெளியே இழுத்தவள் அவள்தான். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் நான். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. கீழே இறங்குகிற வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாங்க நின்னப்ப ஒண்ணும் எடுக்கலயா?"

"இல்லக்கா."

"ஒண்ணு கூட?"

"ஒரே தகடுதான்."

அவள் நடந்துகொண்டே குழந்தையின் முகத்தின் மேல் விழுந்திருந்த கம்பளியைச் சரிசெய்தாள்.

முதலாளி வருவதற்குள் தகட்டைக் கழுவிப் படத்தைப் பார்த்துவிட நினைத்தேன். எதற்கு? இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தட்டை ஆட்டிக்கொண்டு நின்றபோது, நான் என்ன எதிர்பார்த்தேன் என்பதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏதாவது ஆகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். முதலில் அக்கா நின்றாளே, அவளுடைய ஏதோ ஒன்று அந்தக் காமிராவுக்குள் தங்கியிருக்கும், தகட்டில் இறங்கியிருக்கும் என்று. அந்த வயதில் பிரார்த்தனைக்கும் ரசாயனத்துக்கும் எனக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. உருவம் மெல்ல எழுந்து வந்தது. நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் அல்லவா? தகட்டில் வெள்ளைவெளேர் என்று ஒரு கரடி நின்றது. ஆறாம் வகுப்பு ரீடரில் தூங்கிக்கொண்டிருந்த அதே கரடி. எழுந்துவிட்டது.

முதலாளி வந்தார். தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"யாருடா இது?"

"கரடிங்க."

"அது தெரியுது. சூசை பொண்டாட்டி எங்க?"

"பின்னாலங்க."

"கரடிக்குப் பின்னாலயா?"

"எனக்குப் பின்னாலங்க."

முதலாளி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "போக்கசு நல்லா விழுந்திருக்குது" என்றார். "நீ எடுத்ததுலயே இதான் உருப்படி." அப்புறம், "காமிரா எங்க?" என்றார். சொன்னேன். அவர் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாளையிலருந்து வராத" என்றார். "இன்னிக்கு மட்டும் அந்தப் பொண்ணுக்கு அத ஒரு பிரிண்டு போட்டுக் குடுத்துட்டுப் போ."

"இத எதுக்குங்க?"

"அத அவங்க கிட்ட கேளு."

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கே போகவில்லை. மணி இரண்டு ஆனது. வெயிலில் வைத்து அச்செடுத்த படம் இன்னும் ஈரமாக இருந்தது. அதை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின பஸ்ஸின் அடுப்பை யாரோ கைப்பிடியைச் சுற்றி ஊதுகிற சத்தம் தெரு முனையில் கேட்டது. அந்தோணி அண்ணன் தகரப் பெட்டியோடு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, போட்டோ ரெடியா?"

"ரெடிண்ணா" என்றாள் அக்கா.

"அக்கா, வேணாம்" என்றேன். "பேசாம கடுதாசி மட்டும் குடுத்துடலாம். நான் எழுதறேன், மூக்கப் பத்தியே எழுதறேன்."

"நீ எழுத வேணாம்."

பென்சிலை வாங்கிப் படத்தின் பின்புறம் அவளே எழுதினாள். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன். 'நானும் பாப்பாவும் சவுக்கியம். படம் எடுத்தது உங்க மச்சினன்.' அவ்வளவுதான்.

அந்தோணி அண்ணன் படத்தைத் திருப்பிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யுத்தத்துக்குத் திரும்பிப் போகிற மனுஷன். ரொம்ப எதையும் கேட்கிற நிலையில் இல்லை. "ஈரமா இருக்குது, காய வச்சி எடுத்துனு போறேன்" என்று மட்டும் சொல்லி, அதைக் கையில் விரித்துப் பிடித்தபடியே பஸ்ஸில் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று வரியில் மை பூசியிருந்தது. மிச்சத்தை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். படிப்பது என் வேலை, தப்பிக்க முடியவில்லை.

"போட்டோ கிடைத்தது. பாப்பா என்னைப் போல் கறுப்பு. நீ இளைத்துப்போகவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன், ரொம்ப சந்தோஷம். இங்கே ஒவ்வொருவரும் வீட்டுப் படம் வைத்திருக்கிறார்கள். நானும் இதுதான் என் சம்சாரம், என் மகள் என்று காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டான். அடுத்த தடவை ஸ்டூடியோவிலேயே எடுத்து அனுப்பவும்."

கடைசி வரியை அக்கா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். முதல் தடவை சிரித்தாள்.

அடுத்த தடவைக்கு ஐந்து மாதம் ஆனது. பெரியவர் நாங்கள் நினைத்ததைவிட நன்றாகத் தாங்கினார். முதலாளிக்கு எங்கிருந்தோ ஒரு தகடும் இரவல் காமிராவும் கிடைத்தபோதும் அவர் உயிரோடுதான் இருந்தார். முதலாளியே எடுத்தார். நான் உள்ளே போகவில்லை, தெருவில் நின்றேன். அன்னத்துக்கும் தூணுக்கும் முன்னால், எங்குமே இல்லாத மலைக்கு முன்னால், அக்காவும் பிலோமினாவும். மூக்கு நன்றாக விழுந்திருந்தது. தபாலில் அனுப்பினோம். மழைக்காலத்தில் அந்த உறை பிரிக்கப்படாமல் எங்களிடமே திரும்பி வந்தது; மேலே சிவப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வரி. அதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வாரம் கழித்துச் சர்க்காரின் காகிதம் வந்தது. காணவில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு காணவில்லை என்பதையும் எடுத்துவிட்டார்கள்.

நான் அதற்கப்புறம் காமிராவைத் தொடவில்லை. எழுத வந்துவிட்டேன். எழுத்தில் யாரையும் ஒரே தகட்டில் பிடிக்க வேண்டியதில்லை. தப்பானால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஆனாலும் இத்தனை வருஷத்தில் அந்தக் காலையை மட்டும் என்னால் அடித்து எழுத முடிந்ததில்லை. துணியை விட்டு வெளியே வந்ததும் சட்டைப் பையில் கையை விட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கை நேராகத் தகட்டுக்குத்தான் போகிறது.

போன மாதம் பிலோமினாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள். காப்பி குடித்துவிட்டு, பையனின் அம்மா மரியாதையாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பா பட்டாளத்துலயே தவறிட்டாருன்னு சொன்னாங்க. பாவம், உன்னப் பாக்காமயே போயிட்டாரா?"

நான் என் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

"இல்லீங்க, போட்டோவுல பாத்தாரு" என்றாள் பிலோமினா. "அப்ப எனக்கு ஒடம்பெல்லாம் முடி."

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கையால் காட்டி, அந்த அம்மாளிடம் சொன்னாள்: "இவந்தான் எடுத்தான். கேளுங்க, இன்னிக்கு முழுக்கச் சொல்லுவான்."